பெனிட்டாவின் முழங்கால்

ஜாவாக் கரையின் துறைமுக நகரம் ஒன்று
எங்களுக்கு ஒரு கம்பம் அனுப்பியது.
கம்பத்தை அல்ல, கம்பத்தின் படத்தை,
நாற்பது பக்க அறிக்கையில் பதினேழாம் பக்கத்தில்.
பச்சை, மஞ்சள், சிவப்பு.
வெள்ளம் எந்த நிறத்தைத் தொடுகிறதோ
அந்த நிறத்துக்குத் தக்கபடி
அங்கே தெரு எழுந்து நடக்குமாம்.

மண்டல அலுவலகத்தில் உதவிப் பொறியாளர் நான்.
கூட்டாளி நகரங்களின் காணொளிக் கூட்டத்தில்
திரையில் என் பெயர் இருக்காது,
'சென்னை' என்றுதான் இருக்கும்.
அத்தனை லட்சம் பேராக
ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருப்பது
முதுகுக்கு அவ்வளவு சுலபமில்லை.

வியாசர்பாடியில்
கேப்டன் காட்டன் கால்வாய் ஓரம்
முதல் கம்பத்தை நட்ட சாயங்காலமே கூட்டம்.
"இன்னா சார், எந்தக் கட்சி இது?"
மறுநாள் உச்சியில் ஒரு கொடி.
அதற்கு மறுநாள் இரண்டு.
மூன்றாம் நாள் காவல் நிலையத்தில் நான்,
நிறம் என்பது வெறும் நிறம்தான் என்று
எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டு.

அறிக்கைப் படிவத்தில்
'உள்ளூர்ச் சிக்கல்கள்' என்று ஒரு கட்டம்.
முந்நூறு எழுத்துக்கு மேல் ஏற்காது.

தண்ணி லாரிக்கு டோக்கன் கொடுக்கும் ஏகவல்லி சொன்னாள்:
"தண்ணி வந்தா நாங்க கலரா சொல்றோம்?
கணுக்கால் வந்துச்சி, முழங்கால் வந்துச்சி,
இடுப்பு வந்துச்சின்னுதான சொல்றோம்.
அத்த எழுது."

யார் முழங்கால்?
அங்கேதான் ஒரு வாரம் போனது.
துறைமுகத்தில் மூட்டை தூக்கும் கன்னியப்பன்
ஆறடிக்கு மேல்.
அவன் முழங்காலில்
பாதித் தெருவின் கட்டில்கள் மிதக்கும்.
கடைசியில், பள்ளிக்கு அனுப்பலாமா வேண்டாமா என்று
யாரைப் பார்த்து முடிவெடுக்கிறோமோ
அவள் முழங்கால் என்றானது.
நான்காம் வகுப்பு பெனிட்டா
செருப்பைக் கழற்றிவிட்டுக் கம்பத்தோடு ஒட்டி நின்றாள்.
போர்டு எழுதும் ஞானப்பிரகாசம் சாக்பீஸால் கோடிழுத்தார்.
கூசுகிறது என்று இரண்டு முறை நெளிந்ததில்
கோடு கொஞ்சம் கோணல்.

டிசம்பரில் ஒரு ராத்திரி, இரண்டு மணி.
போனில் ஏகவல்லி:
"சார், பெனிட்டா முழங்கால்."
வேறெதுவும் சொல்லவில்லை, வைத்துவிட்டாள்.
நான் கெஞ்சி வாங்கிய மோட்டார் பம்பு
போய்ச் சேர்ந்தபோது பெனிட்டா இடுப்பு.
ஆனால் மெயின் சுவிட்சுகள் அணைந்திருந்தன.
கீழ்வீட்டுக்காரர்கள் பள்ளியின் மாடியில்,
கேஸ் அடுப்போடு, ஒரு கோழியோடு.
பம்பு தாமதம் என்பதையும் எழுதினேன்.
மேலிடம் அந்த வரியை எடுத்துவிட்டு
'சிறந்த நடைமுறை' என்று தலைப்பிட்டு அனுப்பியது.

மொசாம்பிக் கரையிலிருந்து ஒரு நகரம் கேட்டது:
"பெனிட்டா என்பது எந்த அளவை முறை?
சென்டிமீட்டரில் எவ்வளவு?"
முப்பத்தாறு, என்றேன்.
சொன்ன நாளிலேயே அது பழைய கணக்கு.
ஆறு மாதம் கழித்து அவர்கள் படம் வந்தது.
கம்பத்தில் ஓர் ஆடு வரைந்திருந்தது.
குளம்பு, வயிறு, தாடி.
அங்கே முதலில் மேட்டுக்கு ஓட்ட வேண்டியது அதைத்தானாம்.
ஜாவாக்காரர் வெகுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்,
"இதில் நாங்கள் அனுப்பியது எது?"
கம்பம், என்றேன்.
அவர் சிரித்தார். அங்கேயும் மழை போல,
ஒலிவாங்கியில் இரைச்சல்.

இந்த ஆண்டு மறுபடி பெயின்ட் அடிக்கும் வேலை.
பெனிட்டா வந்து நின்றாள், ஆறாம் வகுப்பு.
கோடு முழங்காலுக்குக் கீழே இறங்கிவிட்டிருந்தது.
"என்னுத ஏத்திப் போடுங்க சார்."
ஏகவல்லி விடவில்லை.
"கோடு அங்கயே இருக்கட்டும்.
நாலாவதுல இப்ப யாரு?"

பெனிட்டா பெயர்மேல் வெள்ளை பூசியபோது
அவள் முகம் திருப்பிக்கொண்டதை
எந்தக் கட்டத்திலும் எழுத இடமில்லை.
'அளவு அலகு' என்ற இடத்தில்
தஸ்லீமா என்று நிரப்பி
இரண்டு நகரங்களுக்கும் அனுப்பினேன்.