விறகுக்குச் சுழியம்

காட்பாடியில் ரயில் இறங்கி ராணிப்பேட்டைக்கு வந்த
வாடகைக் காரின் கிலோமீட்டரை முதலில் குறித்துக்கொண்டேன்.
நான் வந்துபோகும் புகையும் கணக்கில் சேரும்.

தோல் வாங்குகிற கம்பெனி கடலுக்கு அப்பால் இருக்கிறது.
ஒரு சதுர அடிக்கு எத்தனை கிலோ கரியமில வாயு,
அவர்களுக்கு அந்த ஒற்றை எண் போதும்.
பெரிதாக இருந்தால் ஆர்டர் வேறு தேசத்துக்குப் போய்விடும்.
மேனேஜர் இத்ரீஸ் இதை இரண்டு முறை சொன்னார்,
இரண்டாம் முறை டீயைத் தள்ளிவைத்துவிட்டு.

மின்சாரம் சுலபம், ரசீது இருக்கிறது.
ஜெனரேட்டர் டீசலுக்கு பங்க் பில்கள்,
எழுத்து வெளிறி, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால்தான் தெரியும்.
பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் மோட்டார் ஓட்டத்தை
எழுபத்தெட்டு தோல்ஷாப்புக்கும் பங்கு பிரிப்பதில் ஒரு மதியம் போனது.
பாகப்பிரிவினையில் கடனைப் பிரிப்பது மாதிரி.
பாலாற்றுக்குக் கட்டம் கிடையாது. தேடினேன்.
இந்த ஷீட் காற்றுக்கு மட்டும்.

பாய்லர் அறையில் தனகோட்டி.
லாரி லாரியாக வந்த வேலிக்காத்தான் கட்டை, எடைமேடைச் சீட்டு,
ஷிப்டுக்கு எத்தனை முறை அடுப்புக் கதவைத் திறந்தார் என்பது வரை
ஒரு நீள நோட்டில். யாரும் கேட்டதில்லை.
"ராத்திரிக்கு அம்பத்திரண்டு தடவ மேடம்.
ஒவ்வொரு தடவையும் மூஞ்சி ஒருவாட்டி வேகும்."

நோட்டில் மாதாமாதம் ஒரே வரி:
ஆவி கசிவு, மூணாவது வளைவு.
ஆறு வருஷமாக. நீல மையில், பச்சை மையில்,
ஒரு ஐப்பசியில் பென்சிலால்.
போய்ப் பார்த்தேன். கோணி சுற்றிக் கம்பியால் கட்டியிருந்தது,
கோணிக்குள் ஏதோ மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

வருஷத்துக்கு நூற்றுப்பத்து டன் விறகு அந்த ஓட்டையில்.
இத்ரீஸ் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.
மறுநாளே வாலாஜாவிலிருந்து வெல்டர்.
அரை நாள் வேலை, பதினோராயிரம் ரூபாய்.

மூன்று நாள் ஓடவிட்டு ஷீட்டைத் திறந்து
விறகு வரிசையில் புது எடையைப் போட்டேன்.
கடைசிக் கட்டம் அசையவில்லை.
மறந்தே போயிருந்தேன். விதிப்படி விறகுக்குச் சுழியம்.
மரம் காற்றிடம் வாங்கியதைத்தான் திருப்பித் தருகிறதாம்,
வெட்டினால் மறுபடி முளைத்துவிடுமாம்.
முளைக்கத்தான் செய்கிறது, ஏரி முழுக்க அதுதான்.
விறகு ஏற்றிவரும் லாரி டீசலில் மட்டும்
மூன்றாவது தசமத்தில் ஒரு சின்ன நெளிவு.

"எவ்ளோ கொறஞ்சுது?"
கதவருகே தனகோட்டி நின்றிருந்தார்.

என்ன சொல்ல. திரையைத் திருப்பிக் காட்டினேன்.
குனிந்து பார்த்தார். "முன்ன இருந்ததேதான இருக்குது."
குறையாகச் சொல்லவில்லை, எடைமுள்ளைப் படிக்கிறவன் குரல்.
பிறகு அக்குளிலிருந்து நோட்டை எடுத்து
நேற்றைய ராத்திரியைக் காட்டினார்.
நாற்பத்தொன்று.

ஷீட்டின் ஓரத்தில் குறிப்புகளுக்கென்று ஒரு பத்தி உண்டு,
அச்செடுத்தால் தாளுக்கு வெளியே விழுந்துவிடும்.
அதில் அடித்தேன்: பதினொன்று குறைவு.
அலகு என்ன என்று ஷீட் கேட்டது.
கிலோ, டன், லிட்டர், யூனிட், இவற்றில் ஒன்று.
வெளியே கார்க்காரர் ஹாரன் அடிக்கிறார்.