மூண்டு

கடலூர் முதுநகர், விடிய ஐந்து மணி.
ஏலம் இன்னும் தொடங்கவில்லை.
பரவனாற்று வாயில் விசைப்படகுகள்
டீசல் இருமிக்கொண்டு நிற்கின்றன.
குறிஞ்சிப்பாடி முகாமிலிருந்து முதல் பஸ்ஸில் வந்தேன்,
நெத்திலிக்கு ஐஸ் வேண்டும்.

ஐஸ் லாரிக்காரர் புதுசு. ரவி என்கிறார்கள்.
"இன்னாம்மா, எத்தினி பார் வேணும்?"
கடலூர்ப் பேச்சு, ஒரு பிசகு இல்லை.
இடக்கையில் இரண்டு விரல் இல்லை.
அதுவும் இங்கே அதிசயமில்லை,
விஞ்சுக் கயிறு தின்ற விரல்கள் துறை முழுக்க உண்டு.

பிறகு எண்ணினார்.
ஒண்டு. ரெண்டு. மூண்டு.

அந்த மூண்டு.
வன்னியில், ஒரு மாசி மாதம், என் முற்றத்தில்,
கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் நின்று
இதே குரல் என் பிள்ளைகளை எண்ணியது.
"மூண்டில ஒண்டு தாங்கோ அம்மா."
தாங்கோ என்றார், அவ்வளவு மரியாதை.
நிரோஜனைச் சாப்பிட்ட கை கழுவக்கூட விடவில்லை.
அப்போது அவர் பெயர் கதிரொளி. பின்னால் ஆறு பேர் நின்றார்கள்.

போன மாதம் ஒரு வக்கீல் படிவத்தோடு வந்தார்.
குற்றம் செய்தவர் பெயரை எழுதச் சொன்னார்.
குண்டு போட்டவன் பெயர் எனக்குத் தெரியாது,
விமானத்துக்கு முகமில்லை.
வென்றவர்கள் பதக்கம் வாங்கிக்கொண்டு
வீட்டுக்குப் போய்விட்டார்கள்.
எனக்குத் தெரிந்த பெயர் ஒன்றே ஒன்று.
அதை எழுதினால் தோற்றவனுக்கு மட்டும்தான் வழக்கு.
எழுதாவிட்டால்
என் பிள்ளை தானாகவே போனவன்.

"தூக்கில போடோணும்" என்றாள் பக்கத்து வீட்டு ஞானசவுந்தரி.
"விடு, தோத்ததைவிடப் பெரிய ஜெயில்
கேப்பர் மலையிலயும் இல்லை" என்றார் அவள் புருஷன்.
அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை.
படிவத்தை மடித்து
அரிசி வாளிக்குள், அடியில், வைத்தேன்.

இப்போது அவர் குனிந்து கட்டியை இழுக்கிறார்.
பிடரி நரைத்திருக்கிறது.
லாரியின் முன்சீட்டில் ஒரு சிறுமி
வாய் திறந்தபடி தூங்குகிறாள், சீருடையோடு.
நானும் எண்ணினேன்.
ஒண்டு.

"அண்ணை" என்றேன்.
"இஞ்ச மூணு எண்டுதான் சொல்லுறவை."

கொக்கி கல்லில் விழுந்தது.
அவர் என்னைப் பார்க்கவில்லை,
முன்சீட்டைப் பார்த்தார்.
நான் காப்பாற்றச் சொன்னேனா, பயமுறுத்தச் சொன்னேனா,
எனக்கே தெரியவில்லை.
ஐஸ் தன் பாட்டுக்கு ஆவி விட்டது.

"காசு வேண்டாம் அம்மா" என்றார்,
எங்கள் தமிழில்.

முழு விலையையும் எண்ணி
விரல் குறைந்த அந்தக் கையில் வைத்தேன்.
மிச்சம் பத்து ரூபாய் வர வேண்டியிருந்தது.
நின்று, கேட்டு, வாங்கினேன்.

நாளைக்கும் வர வேண்டும். வேறு லாரி வருவதில்லை.
மாதக் கடைசி வேறு,
வாளியில் அரிசி இறங்கிக்கொண்டே வருகிறது.