இதர வகை

குன்னூர் பெட்போர்டில் பேக்கரியை ஒட்டினாற்போல் அந்தக் கடை.
எந்தப் பொருளிலும் விலைச்சீட்டு கிடையாது.
வருகிறவர் செருப்பைப் பார்த்துவிட்டுத்தான்
துரைக்கண்ணு வாய் திறப்பார்.

என் செருப்பில் கட்டபெட்டுச் சேறு.
பெஞ்சைக் காட்டினார்.
எனக்குப் பின்னால் வந்த எஸ்டேட் மேனேஜருக்கு
நாற்காலி, அதுவும் துடைத்து.

டீ எல்லோருக்கும் இலவசம்.
எனக்கு அரை கிளாஸ்.

சுவரில் ஒரு கடமான் தலை,
கண்ணுக்குப் பதில் கோலிக்குண்டு.
கொம்பில் தொங்குகிறது 'கடன் இல்லை' பலகை.

நான் வந்தது அண்ணனின் துப்பாக்கிக்காக.
தேர்தலுக்கு முன்னால் இங்கே ஒப்படைத்தது.
தேர்தல் முடிந்தது,
அண்ணனும் முடிந்துபோனான்,
வாடகை மட்டும் முடியவில்லை.
மாதம் முந்நூறு. எண்ணெய் போட நூற்றைம்பது.
இருபத்தேழு மாதம்.

கால்குலேட்டரை என் பக்கம் திருப்பினார்.
"பழசும்மா. எட்டாயிரத்துக்கு மேல போகாது.
அதைக் கழிச்சுட்டா
நீங்கதான் நாலாயிரத்து நூத்தைம்பது தரணும்.
அந்த நூத்தைம்பது வேண்டாம்,
உங்களுக்காக விட்டுடறேன்."

வாரிசுச் சான்றை மடியில் வைத்துக்கொண்டு
அந்த நூற்றைம்பதுக்கு நன்றி சொல்வதா என்று
நான் யோசித்துக்கொண்டிருந்தபோது
மேனேஜர் கண்ணாடி அலமாரியைத் தட்டினார்:
"அது என்ன?"

துரைக்கண்ணு அதை
பிள்ளையைத் தொட்டிலிலிருந்து எடுப்பதுபோல எடுத்தார்.
"சார் கண்ணுக்குத்தான் இது படும்.
பழைய துரை ஒருத்தர் வச்சிருந்தது.
ஆள்தின்னிச் சிறுத்தை, நேருக்கு நேர், ஒரே குண்டு.
இதோ கட்டையில பாருங்க,
சாகறப்போ அது போட்ட நகம்."

அந்த நகத்தை எனக்குத் தெரியும்.
மழைக்காலத்தில் அண்ணன் அதை
விறகடுப்போரம் சாய்த்து வைத்துவிட்டுத்
தூங்கிப்போன இரவு.
நாவற்பழம் அளவுக்குக் கருகல்.
அண்ணி மூன்று நாள் பேசவில்லை.

வாழ்நாளில் இரண்டு முறை சுட்டான் போஜன்.
பன்றிக்கு ஒன்று: ஊர்த் தண்ணீர்த்தொட்டி ஓட்டையானது.
தொட்டியை அடைக்க வந்த ஆள்
"நெசமாவே வெடிக்குமா?" என்று கேட்டதற்கு
இன்னொன்று.

"நாப்பத்தெட்டு சார். உங்களுக்குன்னா நாப்பத்தஞ்சு."

கிளாஸைக் கீழே வைத்தேன்.
ரசீதை விரித்துச் சத்தமாகப் படித்தேன்:
"நம்பர் நாலு ஏழு ஒன்பது ஒன்று.
குழலுக்கு அடியில இருக்கும், பாருங்க."

மேனேஜர் குழலை வெளிச்சத்துக்குத் திருப்பினார்.
நாலு எண்ணைப் படிக்க இவ்வளவு நேரமா.
பேக்கரியிலிருந்து வர்க்கி வேகும் வாசம்
உள்ளே வந்து நின்றது.

"உங்க துப்பாக்கியா இது?"
"என் அண்ணனுது."
"அப்ப அந்தச் சிறுத்தை?"

துரைக்கண்ணு என்னைப் பார்த்தார்.
கடையில் நுழைந்ததிலிருந்து முதல் தடவையாக
செருப்பை அல்ல.
கடமான்கூடப் பார்த்த மாதிரிதான் இருந்தது.

எட்டாயிரம், எண்ணெய்ச் செலவு,
அரை டீ எல்லாம்
ஒரு நொடி கண்முன் வந்துபோயின.

"ஆமாங்க, சிறுத்தைதான்" என்றேன்.
"துரை இல்ல, எங்கண்ணன்.
ராத்திரி, கேரட் தோட்டத்துல. பெரிய ஆண்."

பிறகு நாற்காலி வந்தது, துடைத்து.
டீ விளிம்புவரை வந்தது, தட்டில் இரண்டு வர்க்கியோடு.
மேனேஜர் லைசென்ஸ் நகலை எடுக்க ஜீப்புக்குப் போனதும்
துரைக்கண்ணு குரலைத் தாழ்த்தினார்:
"வாடகை வேண்டாம்மா.
கமிஷன் மட்டும் எடுத்துக்கறேன், மூவாயிரம்."

"ரெண்டாயிரம்," என்றேன்.
"அப்புறம் கேரட் தோட்டம் என்னோடது.
அதுக்குத் தனியா ஐநூறு."

வெகுநேரம் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.
கார்பன் தாளை நேராக்கி
குனிந்து எழுதினார்:

துப்பாக்கி, பழையது, ஒன்று.
இதர வகை: ரூபாய் ஐநூறு மட்டும்.