நாலு கட்டம்

மே பதினெட்டு, மத்தியானம் மூன்றேகால்.
9999 அடித்து முடித்தேன்.
அடுத்த பில்லுக்கு 0001 என்று காட்டி
'இந்த எண் ஏற்கெனவே உள்ளது' என்று
நின்றுவிட்டது.

உள்ளதுதான்.
பதினான்கு வருஷத்துக்கு முந்தைய ஒரு வியாழக்கிழமை,
ஆரியங்காவு தங்கச்சனுக்கு
ரப்பர் பால் பிடிக்கிற கிண்ணம் அறுபது, பசை இரண்டு கிலோ.
பாதிப் பணம் பாக்கி.
அதுவும் இன்னும் உள்ளது.

வெளியே லோடு ஏறி லாரி நிற்கிறது.
மழை இறங்குமுன் புனலூர் எஸ்டேட்டில்
மரத்துக்கு மரம் பிளாஸ்டிக் பாவாடை கட்டியாக வேண்டும்.
தென்மலைப் பக்கம் கறுத்துக்கொண்டு வருகிறது.
புளியரையில் நிறுத்தினால் காட்ட ஒரு தாள் வேண்டும்.
சுடலைக்கண்ணு பீடியைக் காதில் செருகிக்கொண்டு
ஜன்னல் வழியே, 'அக்கா, ஆச்சா?'

முதல் ஆயிரம் பில்லுக்கு நாலு வருஷம்.
கடைசி ஆயிரத்துக்கு நாற்பது நாள்.
அந்த நாலு கட்டத்தை வகுத்தவன்
செங்கோட்டையில் ஒரு கடை
இவ்வளவு விற்கும் என்று நினைத்திருக்க மாட்டான்.
நாங்களே நினைக்கவில்லை.

அதற்குத் தெரியாததையெல்லாம்
நான் தெரிந்துவைத்திருந்தேன்.
பெயருக்கு இருபது எழுத்து, மிஞ்சினால் வெட்டு.
மாத்துக்குட்டி வர்கீஸ், பத்தனாபுரம்;
மாத்துக்குட்டி வர்கீஸ், பத்தனம்திட்டா.
ஊர் அறுந்துபோய் இருவரும் ஒரே ஆள்.
ஒருவர் கட்டிய செக்கில் மற்றவர் கடன் தீரும்.
மாதக் கடைசியில் நோட்டைப் பிரித்து
நான்தான் அவர்களைத் திரும்பப் பிரித்து வைப்பேன்.

புனலூரில் குடோன் போட்டபிறகு இன்னும் மோசம்.
வரிக்கணக்கில்
மலைக்கு அந்தப் பக்கம் நாங்கள் வேறு ஆள்.
எங்கள் சரக்கை எங்களுக்கே விற்றதாக பில் போட வேண்டும்.
விற்பவர் பெயரையே வாங்குபவர் இடத்தில் அடித்தால்
'சரிபார்க்கவும்' என்றது, நல்ல பிள்ளை மாதிரி.
பெயருக்குப் பின்னால் ஒரு புள்ளி வைத்தேன்.
நம்பிவிட்டது.
அந்தப் புள்ளி இன்றைக்கு எங்களுக்குத் தர வேண்டியது
பதினோரு லட்சத்துச் சொச்சம்.

'ஓடுற வண்டிய எதுக்கும்மா மாத்தணும்'
என்றே மூன்று வருஷம் ஓட்டிய இசக்கியப்பன் முதலாளி
கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு
திரையில் விரல் வைத்துப் படித்தார். பிறகு கேட்டார்:
'தங்கச்சன் இன்னுமா தரல?'

பரணில் கிடந்த பழைய பில்புக்கைத் தட்டி
கையால் எழுதினேன். 10000.
கடைசிப் பூஜ்யம் கட்டத்துக்கு வெளியே நின்றது.
சுடலைக்கண்ணு அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான்.
லாரி ஆரியங்காவு ஏறும்போது மழை பிடித்துக்கொண்டதாம்.

தென்காசியிலிருந்து ஜெய்லானி வந்தான்.
எட்டு நாள். பழையதை உறிஞ்சிப் புதியதில் ஊற்றினான்.
மாத்துக்குட்டிகள் முழுப் பெயரோடு எழுந்தார்கள்.
நாற்பத்துமூன்று ரூபாய் மட்டும் இடித்தது.
இரண்டு நாள் தேடினான்.
அது ஒரு பால்வெட்டுக் கத்தியின் அப்போதைய விலை.
எனக்குத் தெரியும். சொல்லவில்லை.
சஸ்பென்ஸ் என்று ஒரு தலைப்புப் போட்டு
அதில் கொண்டுபோய்த் தள்ளினான்.

புதியதில் ஆறு பேருக்கு ஆறு கடவுச்சொல்.
நான் பதியலாம், திருத்தலாம்.
அழிக்க, முதலாளி போனுக்கு அனுமதி கேட்டுப் போகும்.
பழையதில் நான் நினைத்தால்
கொல்லம் ஜில்லாவையே அழித்திருக்கலாம்.
ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு வரி.

இன்று காலை முதல் பில்.
எண்ணுக்கு எட்டுக் கட்டம், ஏழு பூஜ்யம், ஓர் ஒன்று.
விற்பவர் நாங்கள். வாங்குபவர் நாங்கள்.
மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டது.
என் சுண்டுவிரல்தான்
பெயர் முடிந்த இடத்தில்
புள்ளியைத் தேடிக்கொண்டு போனது.