காடு இறுதி மூன்று

கோப்பின் பெயர் இன்னும் அப்படியே இருக்கிறது:
காடு இறுதி மூன்று.

டென்னிசன் அண்ணன் கேட்டது காடுதான்.
அருவி ஒன்று. யானை வேண்டாம், யானை எல்லாரும் போடுகிறார்கள்.
பாறையில் தொங்கும் கூடு,
தீப்பந்தத்தோடு ஒரு காணிக்காரர்.
எந்தக் காணிக்காரரையும் நான் பக்கத்தில் பார்த்ததில்லை.
வரைந்தேன்.
சந்தோஷமாகத்தான் வரைந்தேன், அதைச் சொல்லிவிட வேண்டும்.
மாடிப்படிக்குக் கீழே ஆறுக்கு எட்டு என் அலுவலகம்,
மேலே பல் ஆஸ்பத்திரி,
துளைக்கிற சத்தத்துக்கு நடுவில்
பச்சையில் பதினொரு அடுக்கு வைத்தேன்.
மாதிரியை வாட்சப்பில் அனுப்பினேன், சிறிதாக.
"கொள்ளாம் பிள்ளே" என்றார்.
ஆயிரத்து ஐநூறு முன்பணம் வந்து விழுந்தது,
கணினித் தவணைக்கு முந்தின நாள்.

தேனின் நிறம் பார்க்கத்தான் போனேன், வேறு எதற்குமில்லை.
அருமனை தாண்டி, மாசி வெயில்.
ஸ்கேல் வைத்து நட்டதுபோல் ரப்பர் மரங்கள்
உதிர்த்து முடித்துச் செம்பு நிறத்தில் தளிர்த்திருந்தன.
பெட்டி பார்க்கும் சுபின் ஒரு கொப்பை வளைத்துக் காட்டினான்:
மூன்று இலை சேரும் கணுவில்
ஓர் ஈரப்பொட்டு.
பூ இல்லை.
தேனீ அங்கேதான் வாய் வைத்தது.
விரலால் தொட்டு நக்கினேன். இனித்தது.

என் காட்டில் நாற்பது பூ போட்டிருந்தேன்.

அன்று இரவு மூன்று இலை வரைந்தேன், நடுவில் ஒரு சொட்டு.
கீழே: மார்த்தாண்டம் ரப்பர்த் தேன்.
என் கை இதுவரை இழுத்ததில் அதுதான் நல்ல கோடு.

"ரப்பர்னு போட்டா எவன் வாங்குவான்?
டயரை நக்கச் சொல்லுதியா?
மலைத்தேன்னே இருக்கட்டும்.
மாடியில நின்னா மலை தெரியுதுல்லா?"
தெரிகிறதுதான்.
அவருக்கும் தவணை இருக்கிறது,
மகள் நர்சிங் இரண்டாம் வருஷம்.
நான் பெரிய வாய் பேசினேன்.
தொழில் தர்மம் என்ற சொல்லைக்கூட எடுத்தேன்.
பேசிக்கொண்டிருக்கையில் திரையின் மூலையில்
சின்னப் பெட்டி ஒன்று எழும்பியது:
இந்த மென்பொருளுக்கு உரிமம் இல்லை.
வாசித்தார்.
ஒன்றும் சொல்லாமல் குடையை எடுத்துக்கொண்டார்.
ஏதாவது சொல்லியிருக்கலாம்.

முன்பணத்தைத் திருப்பி அனுப்பினேன், இரண்டு தடவையாக.
அந்த மாதம் கல்யாண பேனர் ஏழு,
முதல் திருவிருந்து அட்டை நாலு,
கண்ணீர் அஞ்சலி ஒன்று.
அப்பாவின் மீசையைக் கொஞ்சம் அடர்த்தியாக்கச் சொன்னார் மகன்.
ஆக்கினேன்.
அது எந்தக் கணக்கில் வரும் என்று
யாரும் கேட்கவில்லை, நானும்.

ஆனி மழைக்கு
மேம்பாலத்தின் அடியில் ஒதுங்கிய கடையில்
நிரை நிரையாய் என் காடு.
வாட்சப் மாதிரியை இழுத்துப் பெரிதாக்கியிருக்கிறார்கள்,
அருவி சதுரம் சதுரமாக விழுகிறது,
காணிக்காரருக்கு முகம் நாலு புள்ளி.
கோபம் வந்தது.
அந்த உடைந்த விளிம்புகளுக்குத்தான் முதலில் வந்தது,
மற்றதெல்லாம் வீட்டுக்குப் போகும் வழியில்.
நூற்று எண்பது கொடுத்து ஒரு பாட்டில் வாங்கினேன்.
தேன் நல்ல தேன்.

மென்பொருளுக்கு இப்போது மாதச் சந்தா கட்டுகிறேன்,
காலைச் சாயா ஒன்றோடு நிறுத்திக்கொண்டு.
இதைப் பெருமையாகச் சொல்ல முடியவில்லை,
கடன் அடைப்பதைப் பெருமை என்று யார் சொல்வார்?

போன வாரம் சுபின் வந்தான்.
சொந்தமாக ஆறு பெட்டி, முப்பது பாட்டில்.
"அந்த மூணு எலை படம் இருக்கா அக்கா?"
சும்மா கொடுத்துவிட வாய் வரை வந்தது.
விழுங்கிக்கொண்டு
விலை சொன்னேன்.
தலையைச் சொறிந்தான், குறைக்கக் கேட்டான்.
மேலே துளைக்கிற சத்தம் நிற்கட்டுமென்று காத்திருந்து
அதே தொகையை
இன்னொரு முறை சொன்னேன்.