பதினெட்டுக்கு எட்டு

ஒரு செருப்போடு வீடு வந்தேன்.
சூரமங்கலம் உழவர் சந்தையில் விட்டதா
பஸ் படியில் கழன்றதா, தெரியாது.
"இன்னொன்னு எங்கீங்க?"
சுலோசனா கேட்ட பிறகுதான் குனிந்து பார்த்தேன்.
மே மாதத் தாரமங்கலம் சாலை
இடது பாதத்தில் தாராக ஒட்டியிருந்தது,
அடியில் எட்டணா அகலத்துக்குக் கொப்புளம்.
கால் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஐந்து ரோட்டில் டாக்டர் நிலோஃபர்
கண்ணை மூடச் சொல்லி
நைலான் இழையால் பாதத்தில் பத்து இடம் தொடுவார்.
"தெரியுதா?"
தெரியுது.
"இப்போ?"
தெரியுது.
"சார், நான் இன்னும் தொடவே இல்ல."

சர்க்கரை ஏறி ஏறி
நரம்பு துருப்பிடிச்சிருக்கு என்றார்,
எனக்குப் புரியட்டும் என்று.
முப்பத்தொரு வருடம் உருக்காலையில்
துருவேறாத் தகடு உருட்டியவனிடம்.
ஷிப்ட் முடிந்து வரும்போதெல்லாம்
கஞ்சமலைச் சரிவில் மழைத்தண்ணீர்
சிவப்பாக இறங்குவதைப் பார்த்தவனிடம்.

எழுதித் தந்த மாத்திரையின் பெயரிலேயே ஆசிட் இருந்தது.
ஆல்ஃபா லிபோயிக் ஆசிட், அறுநூறு மில்லிகிராம்,
காலையில் வெறும் வயிற்றில்.
"சிலருக்குக் கேட்கும், சிலருக்குக் கேட்காது.
சர்க்கரைய இறக்காம
இது மட்டும் ஒண்ணும் செய்யாது."

சிரிப்பு வந்தது.
நாங்களும் அதைத்தானே செய்தோம்.
உலையிலிருந்து கருகி வரும் தகட்டை
அமிலத் தொட்டியில் முக்கி எடுப்போம்.
பதினெட்டுப் பங்கு குரோமியம், எட்டு நிக்கல்.
காற்றுப் பட்டதும்
தன்மேல் தானே ஒரு தோல் போர்த்திக்கொள்ளும்.
அந்தத் தோலும் ஒருவகைத் துருதான்,
கண்ணுக்குத் தெரியாத மெல்லிசு.
துருவுக்குக் காவல் துருவே.
அவரிடம் இதைச் சொல்லவில்லை.
வெளியே டோக்கனோடு இருபது பேர்.

டப்பாவைத் திறந்தால் லேசாகக் கந்தக வாடை.
பழைய டிபார்ட்மெண்டுக்குள் நுழைகிற மாதிரி இருக்கும்.
நாற்பது நாள் விழுங்கினேன்.
பக்கத்து வீட்டு இம்மானுவேல் கொடுத்த
குண்டு மாம்பழம் இரண்டில்
வாசனை மட்டும் என் பங்கு.

நேற்று ராத்திரி இரண்டேகால்.
வலது சுண்டுவிரலில் சுருக்.
விளக்கைப் போட்டால்
கட்டெறும்பு.

"சுலோச்சு, எறும்பு கடிச்சிருச்சு."
"தட்டி விட்டுட்டுப் படுங்க."
"எறும்பு கடிச்சிருச்சுடி."

அப்புறம்தான் எழுந்து உட்கார்ந்தாள்.
காலை மடிக்கு இழுத்துக்கொண்டு
"எங்க?" என்றாள்.
காட்டினேன்.

மாத்திரையா, காலை நடையா, தின்னாத மாம்பழமா,
எறும்புதான் பெரிசா,
தெரியவில்லை.
இடது கால் இன்னும் யாருடையதோ.
வலது சுண்டுவிரல் மட்டும்
விடியும்வரை எரிந்துகொண்டிருந்தது.
தேங்காயெண்ணெய் எடுக்கப் போனவளை
வேண்டாம், இருக்கட்டும் என்றேன்.