ஜுபைதி

முதல் வருஷம் மாமா "ஜுபைதி எடு" என்றதும்
ஃப்ரீசரைத் திறந்து
வாவல் மீனை எடுத்து நீட்டினேன்.
(இந்த வீட்டில் எஜமானியம்மாளை
மாமா என்றுதான் கூப்பிட வேண்டும்.
அது வாயில் வரவே ஆறு மாதம் ஆனது.)
சிரித்துச் சிரித்து அவருக்குப் புரையேறியது.
மீனுக்கும் அதே பெயர்.
மணலுக்கடியில் வெள்ளையாய்ப் பருத்துக் கிடக்கும்
இதற்கும் அதே பெயர்.

கிழங்கில்லை. இலையுமில்லை.
விதைத்தவன் என்று ஒருவனுமில்லை.
அக்டோபரில் வானம் இடித்த கணக்குக்கு
பிப்ரவரியில் பாலைவனம் தீர்க்கிற பாக்கி.

இந்த வருஷம் இடி குறைவு.
ஜஹ்ரா சந்தையில் கிலோ பதினெட்டு தினார்.
என் ஒரு மாதச் சம்பளத்தை எதிர்த்தட்டில் வைத்தால்
ஆறு கிலோ நிற்கும், கொஞ்சம் ஆடும்.
வீட்டுக்கு வந்தது இரண்டு கிலோ.
பதினேழு உருண்டை.
அவர் எண்ணித்தான் கொடுத்தார்,
நானும் எண்ணித்தான் வாங்கினேன்.

சமைப்பது ஒன்றுமில்லை, கழுவுவதுதான்.
பல் துலக்கும் பிரஷ், ஒரு ஊசி, ஏழு தண்ணீர்.
ஒரே ஒரு மணல் பல்லில் நெறுபட்டால் போதும்,
விருந்தாளி மெல்லுவதை நிறுத்துவான்,
பந்தி முழுக்க நின்றுவிடும்.
தோலை வழித்தால் ஒரு மணம்:
மழை விட்ட சுவர்,
தீக்குச்சி அணைத்த விரல்,
இரண்டுக்கும் நடுவே பெயரில்லாத ஏதோ.

பக்கத்துப் பாத்திரத்துத் தண்ணீரில்
எங்கள் இருவர் சாப்பாட்டுக்கு
உரித்துப் போட்ட உருளைக்கிழங்கு.
நடுவில் மாமா மூன்று முறை கூப்பிட்டார்.
கேஸ் வேறு தீர்ந்தது.

ஆட்டுக்கறி வெந்த நீரில் அரிசி,
நெய்யில் சிவந்த வெங்காயம்,
மேலே முழுசு முழுசாய்ப் பதினேழு.
திவானியாவுக்குத் தாம்பாளம் போனது.

பத்தரை மணிக்குப் பின்கட்டில்
நானும் டிரைவர் சீனி முகமதும்.
"என்னக்கா, கிழங்கு வேகவே இல்ல,
கறி மாதிரி இழுக்குது" என்று
ஒரு துண்டைத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கினான்.

எடுத்து வாயில் போட்டேன்.
மிளகாய்த்தூள், மஞ்சள், பெருங்காயம்,
எல்லாவற்றுக்கும் கீழே
அந்த நனைந்த சுவர்.

"ஒதுக்காதே, சாப்பிடு. ரெண்டு தினார்" என்றேன்.
அவனுக்கு விளங்கவில்லை.
தயிர் இருக்கிறதா என்று கேட்டான்.

பதினேழையும் எண்ணித்தானே அடுக்கினேன்.
அப்படியென்றால்

கையைக் கழுவாமல் எழுந்துபோய்
திவானியாக் கதவருகே நின்றேன்.
உள்ளே இடியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.
யாரோ "மாஷா அல்லா" என்றார்.
யாரும் மெல்லுவதை நிறுத்தவில்லை.